அரசு முத்திரையா, கடை முத்திரையா? அவசரச் சேமிப்புக்கு வெள்ளி வாங்கும் முன் ஒரு கணக்கு

ஸ்காலர்ஷிப்பில் மிச்சம், திருவிழாவுக்கு மாமா கொடுத்தது, பகுதிநேர வேலைச் சம்பளம்னு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தா, இப்போ நம்மில் பலர் வெள்ளிக் காசு பக்கம் திரும்புறோம். தங்கம் எட்டாத உயரத்துக்குப் போயிடுச்சு. வெள்ளி இன்னும் கைக்கு எட்டுது. "அவசரத்துக்கு வித்துக்கலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அப்போ அடுத்த கேள்வி வரும்: அரசு வெளியிட்ட வெள்ளி நாணயம் வாங்குவதா, நகைக்கடையும் தனியார் ஆலையும் அடிச்சு விற்கும் வட்டக் காசு வாங்குவதா?

முத்திரை யாருடையது என்பதைவிட, விற்கும் நாளில் கைக்கு எவ்வளவு வரும் என்பதே முக்கியம். அதை முதலில் பார்ப்போம்.

அவசரம் என்றால் என்ன?

நம்ம மாவட்டத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சேமிப்பைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கணும்:

1. உடனே காசாகுமா?
2. வாங்கிய விலையில் எவ்வளவு குறையும்?
3. வாங்குபவர் சந்தேகப்படாம எடுத்துக்குவாரா?

மூன்று வகை வெள்ளி

முதல் வகை, முதலீட்டுக்காகவே அரசு அடிக்கும் நாணயம். அமெரிக்காவின் 'சில்வர் ஈகிள்' இதற்கு நல்ல உதாரணம். 1986 முதல் வருது. ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 999 தூய்மை. முகமதிப்பு ஒரு டாலர். அங்கே தனியார் காசைவிட இதுக்குக் கூடுதல் விலை. ஆனா விற்கும்போது அந்தக் கூடுதலில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஏன்னா எல்லா வியாபாரிக்கும் அது தெரிந்த பொருள். அதனால்தான் வெளிநாட்டு வீடியோக்களில் "அரசு நாணயமே பாதுகாப்பு" என்று சொல்றாங்க.

இரண்டாம் வகை, நினைவு நாணயம். இந்திய அரசு ஆலைகள் வெள்ளியில் பெரும்பாலும் அடிப்பது இதைத்தான். 100 ரூபாய், 150 ரூபாய் என்று முகமதிப்பு போட்டு வரும் பல நாணயங்கள் 35 கிராம் எடை. அதில் வெள்ளி 50 சதவீதம்தான். மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயத்தில் வெள்ளி 80 சதவீதம். இவை சேகரிப்பாளருக்காக அடிக்கப்படுபவை.

மூன்றாம் வகை, தனியார் காசு. லட்சுமி, பிள்ளையார் படத்தோடு கடையில் கிடைப்பது. நம்ம பேச்சில் இது 'காசு'. சட்டப்படி இது நாணயம் அல்ல, வட்ட வடிவ வெள்ளித் துண்டு. முகமதிப்பு கிடையாது. பெரும்பாலும் 999 அல்லது 925 தூய்மை.

ஆக, ஈகிளுக்கு நேர் சமமான வெள்ளி நாணயம் நம்ம நாட்டில் இல்லை. வெளிநாட்டு அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுதான் காரணம்.

புதுக்கோட்டை மண் சொல்லும் பாடம்

1898-இல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேலேயே உளியால் வெட்டிய கோடு இருக்கு. இனி இது நாணயம் இல்லை, வெறும் தங்கம் என்று காட்டவே வெட்டியிருக்கணும் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். ரோம் பேரரசரின் முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை. எடைக்கும் மாற்றுக்கும்தான் மதிப்பு.

அடுத்தது அம்மன் காசு. பிரகதாம்பாள் உருவம் பொறித்து நம்ம சமஸ்தானமே வெளியிட்ட சிறிய செம்புக் காசு. 20 அம்மன் காசு ஒரு அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுப்பாங்க. அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை, சமஸ்தானத்தின் சொல்லில் இருந்தது. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இணைந்தது. இன்று அந்தக் காசு சேகரிப்பாளரின் பெட்டியில் இருக்கு.

முத்திரைக்கு எங்கே, யாரிடம் மதிப்பு இருக்கோ அங்கே, அவரிடம் மட்டும்தான் அது விலைபோகும். கீழ ராஜ வீதியில் அவசரத்துக்கு விற்கப் போனா, கடைக்காரர் பார்ப்பது வெள்ளியின் எடையை.

இப்போ கணக்கு

எளிமைக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது இன்றைய விலை இல்லை, கணக்குக்காக மட்டும்.

10 கிராம், 999 தனியார் காசு: வெள்ளி 1000. செய்கூலி 8 சதவீதம் என்றால் 80. மொத்தம் 1080-க்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 32.40. நீங்க கொடுப்பது 1112.40. அதே நாள் விற்றால் கடைக்காரர் 5 சதவீதம் கழிப்பதாகக் கொண்டால் கைக்கு 950. நட்டம் 162.40, அதாவது சுமார் 14.6 சதவீதம். போட்ட பணம் திரும்பணும்னா வெள்ளி விலை 17 சதவீதம் ஏறணும்.

35 கிராம், 50 சதவீத நினைவு நாணயம்: உள்ளே இருக்கும் வெள்ளி 17.5 கிராம், மதிப்பு 1750. பெட்டி, சான்றிதழோடு 4000-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். எடைக்கு விற்றால், அதே 5 சதவீதக் கழிவில், 1662.50. நட்டம் 58 சதவீதம். கலப்பு உலோகம் என்று கடைக்காரர் இன்னும் குறைக்கலாம். நல்ல சேகரிப்பாளர் கிடைத்தால் கூடுதல் விலை வரும். ஆனா ஆஸ்பத்திரிச் செலவு சேகரிப்பாளருக்காகக் காத்திருக்காது. இன்னொன்று, புழக்க நாணயங்களை உருக்குவதும் அழிப்பதும் 2011 நாணயச் சட்டப்படி தடை.

உங்க கடையின் செய்கூலியையும் கழிவையும் இதே வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்க. "திரும்ப எடுத்தா எவ்வளவு கழிப்பீங்க?" என்பதை வாங்கும் முன்பே கேட்கணும்.

பாட்டி பெட்டியில் உள்ள ரூபாய்

வீட்டில் ராணி தலை, ராஜா தலை வெள்ளி ரூபாய் இருந்தால் ஆண்டைப் பாருங்க. 1835 முதல் 1939 வரையான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்ததில் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். எடை அதேதான், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். 1947 ரூபாய் முழு நிக்கல். ஆண்டு பார்க்காம ஒரே விலைக்கு வாங்கினாலும் விற்றாலும் யாரோ ஒருத்தர் ஏமாறுவார். புதுசா வாங்கப் போறவங்க கவனமா இருக்கணும், போலிகள் நிறைய.

ஆய்வகம் வேண்டாம், தராசு போதும்

0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யம் ஆக்குங்க. காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாம, முழுசா மூழ்கும்படி தொங்கவிடுங்க. தராசு காட்டும் எண்ணே கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. வெள்ளியின் அடர்த்தி 10.49. எனவே 50 கிராம் சுத்த வெள்ளி 4.77 காட்டணும். பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் என்றால் 5.7 அளவில் காட்டும். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

இதுக்கும் எல்லை உண்டு. செம்போடு ஈயத்தைச் சரியான அளவில் சேர்த்தால் இதே அடர்த்தியைக் கொண்டுவரலாம். அதனால் இந்தச் சோதனையில் தோற்றால் போலி என்று சொல்லலாம். தேறியதாலேயே அசல் என்று சொல்ல முடியாது. சீல் போட்ட பாக்கெட்டைப் பிரித்துச் சோதிக்காதீங்க, சீல்தான் விற்கும்போது சாட்சி. வெள்ளிக்கும் பி.ஐ.எஸ். ஹால்மார்க் உண்டு, தங்கத்தைப்போலக் கட்டாயம் இல்லை என்பதால் நாமதான் கேட்டு வாங்கணும்.

விற்காமலே பணம்

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள் வெள்ளி நகைக்கும் காசுக்கும் கடன் கொடுக்க அனுமதிக்குது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இவற்றைக் கடைப்பிடிக்கத் தொடங்கணும். ஒருவருக்கு நகை 10 கிலோ, காசு 500 கிராம் வரை வரம்பு. வெள்ளிக் கட்டிக்குக் கடன் கிடையாது. கட்டியில் செய்கூலி குறைவு என்று மொத்தமா அதையே வாங்க நினைப்பவர்கள் இதை யோசிக்கணும். எந்தக் காசை ஏற்பாங்க என்று உங்க கிளையில் முன்கூட்டியே கேட்டு வையுங்க.

எவ்வளவு வைக்கலாம்?

வெள்ளி விலை ஏறுவதைப் போலவே வேகமா இறங்கும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே போனது. 2011-இல் மறுபடி 50 டாலரை நெருங்கி, 2015-இல் 14 டாலர் அளவுக்கு வந்தது. அவசரம் அந்தப் பள்ளத்தில் வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: இரண்டு வாரச் செலவு வீட்டில் ரொக்கமா, மூன்று மாதச் செலவு வங்கிக் கணக்கில், அதுக்கு மேல் மிஞ்சினால் மட்டும் வெள்ளி. கஜா மாதிரி ஒரு வாரத்தில் முதலில் கைகொடுப்பது ரொக்கம்தான். கடை திறந்து, தராசுக்குக் கரண்ட் வந்த பிறகுதான் வெள்ளியின் முறை.

வெள்ளி என்று முடிவு செய்தால், 999 முத்திரை, ஹால்மார்க், குறைந்த செய்கூலி உள்ள தனியார் காசு. ஒரே 100 கிராமுக்குப் பதில் 10, 20 கிராம் காசுகள், தேவையான அளவு மட்டும் விற்க வசதியா இருக்கும். ஆனா காசு சின்னதாக ஆக செய்கூலி சதவீதம் ஏறும், அதையும் பாருங்க. பில்லை போட்டோ எடுத்து வையுங்க. தஞ்சைக் கோயில் நாணயம் பிடித்திருந்தால் தாராளமா வாங்குங்க. ஆசைக் கணக்கில் எழுதுங்க, அவசரக் கணக்கில் வேண்டாம்.