குஞ்சித்தம்பி ஆசிரியரின் மாணாக்கர்

பழுகாமம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆசிரிய கலாசாலைக்குப் புறப்படுமுன் உனக்கு ஏடு தொடக்கிய வாத்தியாரை வணங்கி விடைபெற்றாய் என்பதை உன் தாயாரின் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். அவ்வணக்கத்தை ஒட்டி உனக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, மயில்வாகனன் என்னும் பிள்ளைத்திருநாமத்தோடு குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் கல்வி பயிலத் தொடங்கிய சிறுவரே, பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் ஸ்தானத்தை அலங்கரித்தார். அடிகள் தம் ஆசிரியர்மீது பாடிய செய்யுள் ஒன்று உண்டு. அஃது இல்லையேல் குஞ்சித்தம்பி என்னும் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

அச்செய்யுளில் என் நெஞ்சைக் கவர்வது, குருவின் பாதத்தைச் சிரமேற்கொள்ளும் பக்தியினும், தாம் பெற்றது இன்னதென்று அதிலே தெளிவாகச் சொல்லியிருப்பதேயாகும். செந்தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே உணர்த்தியவர் என்றே ஆசிரியரை அடிகள் போற்றுகிறார். கிராமத்து வாத்தியார் ஒருவர் இட்ட அவ்விரு வித்துக்களும் எவ்வாறு விளைந்தன என்று பார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் ஒருவரையே வந்தடைந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் ஒருபுறமும், ஒலிநூலையும் கணிதத்தையும் மறுபுறமும் வைத்து, மறைந்துபோன யாழின் இலக்கணத்தை நெடுங்காலம் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறிற்று. தமிழ் மாத்திரம் கற்றவரோ விஞ்ஞானம் மாத்திரம் கற்றவரோ அந்நூலை எழுதியிருக்க இயலாது என்பது என் துணிபு. அரங்கேற்றத்துக்கு அடுத்த மாதமே அடிகள் இறைவனடி சேர்ந்தார்.

அடிகளைப் போலவே தமிழகத்தில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரும் தம் ஆசிரியரை எழுத்தில் நிலைநிறுத்தினார். ஐயரின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர் சரித்திரத்தை ஐயர் இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விடைவெளியில் ஆசிரியரின் பாடஞ்சொல்லும் முறையும், செய்யுட்களை வாயாற் சொல்லி மாணாக்கரை எழுதச்செய்த வேகமும், கடன்பட்டு அவர் அடைந்த துன்பமுங்கூட மங்காமல் அம்மாணாக்கர் உள்ளத்தில் நிலைத்திருந்தன. குறைகளை மறைத்துத் துதிப்பது எளிது. வாழ்ந்தவாறே ஒருவரை எழுதுவதற்கு ஆழ்ந்த அன்பு வேண்டும்.

அடிகளின் குருபக்தி செய்யுளோடு நின்றுவிடவில்லை. கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, தாம் பெற்ற பேறு மட்டக்களப்புப் பிள்ளைகள் பலருக்கும் கிட்டும்படி உழைத்தார். உத்தியோகமும் துறவுமாகப் பற்பல ஊர்களில் வாழ்ந்த அப்பெரியார் இன்று துயில்கொள்வதும் அவ்வித்தியாலயத்து அருகிலேயே.

நம் மட்டக்களப்புப் படுவான்கரையிலோ, வெள்ளம் பெருகி வழிகள் மூடுண்ட மாரிகளிலும் பள்ளியைக் கைவிடாத வாத்தியார்கள் பலர், ஒருவரி எழுத்துமின்றி மறைந்து போயினர். உன் ஆசிரியர் இன்னும் நம்மிடையே இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது ஒரு கொப்பியை எடுத்துச் சென்று அவர் திண்ணையில் அமர்ந்து, அவர் யாரிடம் படித்தார், எந்தப் பாடத்தை எவ்வாறு சொல்லித்தந்தார், அந்நாளில் என்ன சம்பளம் பெற்றார் என்பவற்றையெல்லாம் கேட்டு, அவர் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள். அதனை அடுத்த விடுமுறைக்கென்று ஒத்திப்போடாதே.

இங்ஙனம்,
உன் மாமன்