கல்யாண மாதத்தைப் பார்த்துக் கப்பலை முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்துக் கல்யாணங்கள் தை, பங்குனி, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை என்று சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். பத்தாவது கல்யாண நாளானாலும் இருபத்தைந்தாவது ஆனாலும் அதே மாதத்தில்தான் வந்து நிற்கும். ஓரிரு நாள் ஒரு நகரம், மிச்ச நாள் கப்பல் என்று இருவராகப் போய்வர ஆசைப்படும் விழுப்புரம், திண்டிவனம் தம்பதிகள் எடுத்ததும் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். மாதத்தைப் பார்த்த பிறகு செலவைப் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் கடல் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது.

வைகாசியிலிருந்து ஆவணிக்குள் கல்யாண நாள் வருகிறவர்களுக்குச் சென்னைதான் சரி. கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணத்தைத் தொடங்கியது. மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் மாதங்களில் சென்னைக்கு வரும், மழை ஓய்ந்ததும் மேற்குக் கரைக்குத் திரும்பிவிடும். இதுவே அதன் வழக்கம். 1990-ல் கட்டிய கப்பல். புதிய கப்பல்களைப் போல அறைக்கு அறை பால்கனி எதிர்பார்க்காதீர்கள். விளம்பரத்தில் வரும் குறைந்த கட்டணம் பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள்ளறைக்கு, அதுவும் இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் போட்டது. அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகை எல்லாம் ஏறும். கல்யாண நாளுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கூடப் போட்டாவது கடல் தெரியும் அறையை எடுங்கள். காலையில் கண் விழித்ததும் கடல் தெரியாத அறைக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

பயணத் தடங்களில் விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. எங்கும் கரை தொடாமல் ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் உண்டு. புதுச்சேரி நமக்கு விழுப்புரத்திலிருந்து 40 கி.மீ. அதற்காகக் கப்பல் ஏறத் தேவையில்லை. இரண்டு இரவுப் பயணத்தையும் நான் சொல்ல மாட்டேன். ஏறி, அறையைக் கண்டுபிடித்து, சாப்பாட்டுக்கூடத்துக்கு வழி பழகுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நடுவில் ஒரு முழுப் பகலாவது கடலில் இருக்கும் பயணமாகப் பாருங்கள். இலங்கைத் தடம் கிடைத்தால் பாஸ்போர்ட் வேண்டும், நுழைவு அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்க வேண்டும்.

நகரத்தை முதலில் வையுங்கள், கப்பலைப் பின்னால் வையுங்கள். திண்டிவனத்திலிருந்து சென்னை 125 கி.மீ.தானே, காலையில் காரை எடுத்தால் மதியம் துறைமுகத்தில் இருப்போம் என்று கணக்குப் போடாதீர்கள். கப்பல் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டினால் உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம்மில் பலருக்குச் சென்னை என்றால் ஆஸ்பத்திரி, தி.நகர் ஜவுளிக்கடை, கோயம்பேடு, இப்போது கிளாம்பாக்கம். அந்த ஊரை ஊராகப் பார்க்க ஒரு பகலை ஒதுக்கியதே இல்லை. விழுப்புரம் ரயிலில் எழும்பூர் இறங்கினால் அரசு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1851-ல் தொடங்கியது. அங்கே செப்புத்திருமேனிக் கூடத்தில் சோழர் கால அர்த்தநாரீசுவரர் முன்னால் இருவருமாகச் சற்று நேரம் நில்லுங்கள். வலப்பக்கம் ஒரு தோள், இடப்பக்கம் வேறொரு தோள், ஆனாலும் உடல் ஒன்று. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனியுங்கள். சாயங்காலம் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-ல் கட்டிய கட்டடம் அது. மறுநாள் கப்பல் ஏறப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்.

தை, மாசி, பங்குனி என்றால் கொச்சியும் ஆலப்புழாவும். கையைக் கடிக்காத பயணமும் இதுதான். எழும்பூரிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் விழுப்புரம் வழியாக மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம் சுற்றி ஆலப்புழாவையும் எர்ணாகுளத்தையும் தொடுகிறது. வண்டி மாற வேண்டாம். கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போய்விடலாம். அடுத்த நாள் ஆலப்புழாவில் படகு வீடு. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைக் கட்டிய பழைய நெல் படகுதான் இதன் முன்னோடி.

முன்பதிவு செய்யும்போது இரண்டைக் கேளுங்கள். மீனவர்கள் வலை வீசும் நேரம் என்பதால் மாலை இருட்டுமுன் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். ஆகவே எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதுதான் எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதை முடிவு செய்கிறது. அடுத்தது ஏசி. பல படகுகளில் அது இரவில் மட்டும் ஓடும். பங்குனி வெயிலில் மத்தியானப் புழுக்கம் தாங்காது என்பவர்கள் முழுநேர ஏசி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் கப்பலைவிட இந்தப் படகே மேல் என்பேன்.

அதே மாதங்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் 'சிவகங்கை' கப்பல் 2024 ஆகஸ்ட் 16-ல் ஓடத் தொடங்கியது. சுமார் 4 மணி நேரம் உட்கார்ந்து போகிற பயணக் கப்பல் அது, உல்லாசக் கப்பல் இல்லை. யாழ்ப்பாண நகரம்தான் இங்கே பெரிது: நல்லூர், கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம், நெடுந்தீவு. மொழிச் சிக்கல் இல்லாத வெளிநாடு வேறெங்கே கிடைக்கும்? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சேவையை நிறுத்திவிடுவார்கள். ஓடும் நாட்களை விசாரித்துவிட்டு லீவு போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகைக்காரர்கள் இங்கே கப்பல் தேடி அலைய வேண்டாம். சேமிப்பு இருந்தால் சிங்கப்பூர் போகலாம். சென்னையிலிருந்து விமானத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கும் அந்த மாதங்களில் மழை உண்டு. ஆனால் மெரினா பே முனையத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பல பினாங்கு, போர்ட் கிளாங் பக்கம் மலாக்கா நீரிணை வழியே போகின்றன. இருபுறமும் நிலம் என்பதால் திறந்த கடலின் ஆட்டம் அவ்வளவாக இருக்காது. நகரத்திலிருந்து கப்பல் ஏறி, திரும்பவும் அங்கேயே இறங்குவதால் விசாவில் எத்தனை நுழைவு என்று பாருங்கள். சேமிப்பு போதாதென்றால் தை பிறக்கும்வரை தள்ளிப்போடுங்கள். நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தக் கப்பலானாலும் தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்கள் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள். டிக்கெட்டில் பெயர் போடும்போது இன்ஷியலைக் கவனியுங்கள். ஆதாரில் 'எஸ்' என்று ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மனைவிக்கு ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்று நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.