டிஎம்சி கணக்கில் பிடிபடாத தண்ணீர்

பூமி சூடாகச் சூடாக நெல்லுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதிதான் சரி. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். காற்றில் ஈரப்பதம் அதே அளவு கூடாவிட்டால் வயலும் இலையும் அன்றாடம் இழக்கும் நீர் கூடும். ஆனால் அதே சூட்டில் பயிர் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது. வயலில் நிற்கும் நாட்கள் குறைகின்றன. அதனால் பருவம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் தேவை அந்த விகிதத்தில் ஏறியிருக்காது. சில இடங்களில் குறைந்தும் இருக்கலாம். இதில் மகிழ ஒன்றுமில்லை. மணி பிடிக்கும் காலமும் சேர்ந்தேதான் சுருங்குகிறது.

கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொண்டு நீரை மிச்சப்படுத்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நெற்பயிர் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதே நீரை ஆவியாக்கித்தான். துளை சுருங்கினால் பயிரின் சூடு ஏறும். பூக்கும் வேளையில் அது 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகும், பதர் மிகும்.

மழை நன்றாகப் பெய்தால் பாசனக் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கைதான் காவிரி டெல்டாவை அதிகம் ஏமாற்றுகிறது. ஒரே நாளில் கொட்டினால் வரப்புக்கு மேலே நிற்கும் நீரெல்லாம் வடிகாலோடு போய்விடும்; அடுத்த வாரமே வாய்க்காலைப் பார்க்க வேண்டியிருக்கும். 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல், பருவம் தவறிய மழையில் சாய்ந்தது. அந்த மழையை எந்தப் பயிரின் வரவில் எழுதுவது? வாய்க்கால் தண்ணீரையும் நம்பியிருக்க முடிவதில்லை. டெல்டாவுக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். 2023-இல் உரிய நாளில் திறந்தும், தண்ணீர் தொடர்ந்து வராமல் குறுவை கருகியது. எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்ட முடியாது, கர்நாடகத்துடனான பங்கீட்டுத் தகராறும் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கு எத்தனை டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பயிருக்கு வேண்டியதோ, தண்ணீர் எந்த வாரம் வரும் என்ற கேள்விக்கு விடை.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டியே வைக்க வேண்டும் என்பதும் தவறுதான். காய்ச்சலும் பாய்ச்சலும் நம் ஊருக்குப் புதிதல்ல. இப்போது வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சச் சொல்கிறார்கள். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமலே கணிசமான நீர் மிஞ்சும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு இது எளிது. அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு என்று தெரியாத கடைமடைக்காரரிடம் போய் வயலைக் காயவிடச் சொன்னால் கேட்பாரா? வந்த அன்றே வரப்பு தளும்பக் கட்டிவைப்பார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.