ஊர்ப் பொதுவெளியும் குடிமக்கள் கடமையும்

'மன்றம்' என்னுஞ் சொல் இக்காலத்துப் பெரும்பாலும் ஓர் அவையையே குறிக்கின்றது. சங்க நூல்களைக் கற்பார்க்கோ அதன் பழம்பொருள் வேறொன்று என்பது விளங்கும். ஊர் நடுவே, மரநிழலில், யாவர்க்கும் உரியதாய் விடப்பட்ட வெளியிடமே முன்னாளில் மன்றம் எனப்பட்டது. மக்கள் அங்குக் கூடினமையின், இடத்தின் பெயர் கூடினார்க்கும் ஆயிற்று. ஆகவே, ஊராளும் மன்றம் தன் பெயரையே பொதுவெளியினின்றும் பெற்றது எனலாம். அம்மன்றமே அவ்வெளியை அழிக்கத் துணியுமாயின், குடிமக்கள் செய்யத்தக்கது யாது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பண்டை வழக்கை நோக்குவோம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்ட ஊராட்சி முறையைத் தெரிவிக்கின்றன. அங்கே ஏரிக்கென ஒரு வாரியமும், தோட்டத்திற்கென ஒரு வாரியமும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவர், தாமேயன்றித் தம் சுற்றத்தாரோடும் தேர்தலினின்று விலக்கப்பட்டனர். ஊரின் சோலையும் நீர்நிலையும் ஆள்வோரின் உடைமையல்ல, அவர்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருள் என்பதும், ஒப்புவிக்கப்பட்டார் கணக்குரைக்கக் கடமைப்பட்டவர் என்பதும் இதனாற் பெறப்படும்.

நிற்க. சின்னாளப்பட்டி போன்ற நெசவூர்களில் இப்பொருள் வெறும் ஆராய்ச்சியன்று. இங்கே வீட்டின் உள்ளிடத்தில் ஒரு பகுதியைத் தறி கொள்கின்றது. எஞ்சியதில் மக்கள் வாழ்கின்றனர். சிறுமலை அண்மையிலேயே தோன்றினும், காலை முதல் மாலை வரை தறிக்குழியில் கால் தாழ்த்து அமர்ந்திருப்பார்க்கு அம்மலைக்காற்று எட்டுவதில்லை. பாவு விரிப்பதற்கும், முதியோர் நடப்பதற்கும், சிறுவர் ஓடுவதற்கும் வெளி வேண்டும். செல்வர்க்குத் தோட்டம் வீட்டோடு வாய்க்கும். நெசவாளன் மகவுக்கோ ஊர் மந்தையே தோட்டம். பொதுவெளி குறையின் முதலில் இழப்பவர் எளியரே.

இனி, இவ்வெளிகள் எவ்வாறு அழிகின்றன எனில், பகையாலன்று, பெரும்பாலும் நற்பணியின் பெயராலேயே அழிகின்றன. தனியார் நிலத்திற்கு விலை கொடுத்தல் வேண்டும், பூங்காவிற்கு விலையில்லை. எனவே, அலுவலகமோ அங்காடியோ எழுப்ப நினைக்குங்கால் மன்றத்தார் கண் பூங்காவின்மேற் செல்கின்றது. சென்னையில் ஆளுநர் டிரெவெலியன் 1859ஆம் ஆண்டில் மக்கட் பூங்கா ஒன்றை அமைக்கத் தொடங்கினார். பின்னர் அந்நிலப்பரப்பிலேயே 1900இல் மூர் அங்காடியும், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடமும், பிற்காலத்தில் விளையாட்டரங்கும் எழுந்தன. ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் பயனுடையதே. யாவும் சேர்ந்தபோது பூங்கா பெயரளவில் நின்றது. ஆதலின், 'இக்கட்டடம் நல்லதா?' என்று வினவுதல் போதாது, 'இந்நிலத்திலா?' என்றும் வினவுதல் வேண்டும்.

இவ்வினாவை அஞ்சாது எழுப்பி வென்றாரும் உளர். பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், 1976இல் அரசின் ஆணையால் தனியார் மருத்துவ அறக்கட்டளை ஒன்றிற்கு அளிக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்துத் தனி நீதிபதியிடம் தோற்றனர்; தளராது மேன்முறையீடு செய்து வென்றனர். 1991இல் உச்ச நீதிமன்றமும் அவ்வெற்றியை நிலைநிறுத்தியது. மருத்துவமனை நற்பொருளே; எனினும், பொதுமக்கட்குரிய பூங்காவைத் தனியார்க்கு மாற்றுதல் அதனால் முறையாகாது என்பதும், அப்பகுதியில் வாழ்வோர் வழக்குத் தொடுக்க உரிமையுடையர் என்பதும் அத்தீர்ப்பாற் புலனாயின. இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவிலோ, 1993இல் மாநகராட்சியே ஜண்டேவாலா பூங்காவின் அடியில் கடைத்தொகுதி அமைக்க ஒரு நிறுவனத்திற்கு இசைவளித்தது, ஏலமும் விடப்படவில்லை. நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டியிருந்தும், 1999இல் உச்ச நீதிமன்றம் அக்கட்டடத்தை அகற்றிப் பூங்காவை மீட்டமைக்கப் பணித்தது. நகராட்சி பொதுநிலத்திற்கு உரிமையாளன் அன்று, அறங்காவலனே என்பது அதன் சாரம்.

இனி வழிமுறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, ஆவணத்தைக் காணல். மனைப்பிரிவு வரைபடத்தில் அந்நிலம் பூங்காவென ஒதுக்கப்பட்டதா, தானப் பத்திரத்தால் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்பதை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்து அறியலாம். பொதுவாக 30 நாட்களுள் விடை தருதல் வேண்டும். இரண்டாவது, மன்றத் தீர்மானத்தின் படியைப் பெற்று, மன்றத் தலைவர்க்கும், செயல் அலுவலர்க்கும், மாவட்ட ஆட்சியர்க்கும் காரணங்களோடு எழுத்தில் மறுப்புத் தருதல். தனியொருவன் எழுதுவதினும் தெருவார் பலர் கையொப்பமிடுதல் வலிமையுடைத்து. மூன்றாவது, இவை பயன்படாவிடின், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அடைதல். 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை அமைந்தமையால் திண்டுக்கல் மாவட்டத்தார்க்கு அது சென்னையளவு தொலைவன்று. இவையனைத்தும் கடைக்கால் தோண்டுமுன் செய்யத்தக்கன. காலந்தாழ்த்தல் வழக்கை மெலிவிக்கும்.

'நாமே தேர்ந்தெடுத்த மன்றத்தை நாமே எதிர்த்தல் தகுமோ?' எனச் சிலர் வினவுவர். திருமறையில் ஆகாப் வேந்தன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். அவன் முதலில் விலையும் மாற்று நிலமும் தர முன்வந்தான். தோட்டமிடவே நிலத்தை விரும்பினான். ஆயினும், மூதாதையர் வழிவந்ததை விற்க நாபோத் உடன்பட்டிலன். வேந்தன் பொருட்டுச் சூழ்ச்சி செய்தாரும் நேரே கொலை புரிந்திலர். ஊர் மூப்பரைக் கூட்டி முறைப்படி தீர்ப்புச் சொல்வித்தே அவனை மாய்த்தனர். அவை கூடி முடிவு செய்தமையால் மட்டும் ஒரு செயல் அறமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எனினும், மறுப்போர் தம் நெஞ்சையும் ஆராய்தல் வேண்டும். தம் வீட்டு மனையின் மதிப்புக் குறையுமென்றோ, எளியோர் தம் தெருவில் நடமாடலாகாதென்றோ பூங்காவின் பெயரை எடுப்பின், அதுவும் பொதுவைத் தனதாக்கலே. எல்லார்க்கும் திறந்த வாயிலுக்காகப் போராடுவாரே பொதுவெளியின் காவலர்.

கல்லூரியில் நாம் கற்கும் கல்வி, ஊர்ப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேனும் உதவாவிடின், அதனாற் பயனென்னை? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பொதுநிலம் எது, அதன் எல்லை யாது, ஆவணம் எங்குளது என்பதை முதியோரைக் கேட்டு ஓர் ஏட்டிற் குறித்து வைப்பாராக. எல்லை அறிந்தார் உள்ள ஊரிலேயே மன்றம் மன்றமாய் நிற்கும்.