ரப்பர் உறையும் இரும்புத் தண்டும்

நெமிலிச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

காரின் டிரைவ் ஷாஃப்டை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமா என்று கேட்கிறாய். மாற்றலாம். ஆனால் ஸ்பேனரை எடுக்குமுன் ஒன்றை மனத்தில் வை: அந்த இரும்புத் தண்டு தானாகக் கெடுவது அரிது, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்த பிறகே பெரும்பாலும் கெடுகிறது. மூட்டு எதற்கென்றால், முன்சக்கரம் சுழலவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பழைய கிராஸ் ஜாயின்ட் வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 1920-களில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ஸெப்பா எஃகுக் குண்டுகளை வைத்து வடிவமைத்த மூட்டு இந்தக் குறையைத் தீர்த்தது. 1983-இல் மாருதி 800 வந்தபின் முன்சக்கர இழுவையும், சீராகச் சுழலும் இந்த சி.வி. ஜாயின்ட்டும் நம் தெருக்களில் பெருகின. அந்தக் குண்டுகள் ஓடும் பள்ளங்களைக் காப்பது கிரீஸ். கிரீஸைக் காப்பது பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உட்தெருக்களில் தேங்கும் சேற்று நீர் உள்ளே புகும். மண் கலந்த கிரீஸ் உப்புத்தாளாக மாறி எஃகைத் தேய்த்துவிடும்.

ஆகவே முதலில் நோயைக் கண்டுபிடி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல ஓட்டும்போது 'டக் டக்' என்று கேட்டால் சக்கரப் பக்கத்து வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகமெடுக்கும்போது வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் மூட்டைச் சந்தேகி. எஞ்சின் மவுண்டிங்கையும் பார்த்துவிடு. பூட் மட்டும் கிழிந்து, சத்தமோ ஆட்டமோ இல்லையென்றால் மூட்டைக் கழுவிப் புது கிரீஸும் புது பூட்டும் போட்டாலே போதும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்து. பிறகு தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதே. கியர் ஆயிலை வடித்து, லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிரித்தால் ஹப்பிலிருந்து தண்டு வெளியேற வழி கிடைக்கும். கியர்பாக்ஸ் பக்கத்தை நெம்பியே எடு. தண்டைப் பிடித்து இழுத்தால் உள் மூட்டு கழன்றுவிடும். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து நீளம், பற்களின் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். வளையம் மூன்றையும் ஒப்பிடு. ஆயில் சீலின் உதட்டைப் பற்கள் கீறாதபடி நேராகச் செலுத்து. லாக் வளையம் உட்கார்ந்த சத்தம் கேட்ட பின்பும் உள் மூட்டின் உடலைப் பிடித்து இழுத்து உறுதிசெய். நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கு. கடைசியாகக் கியர் ஆயிலை அளவு பார்த்து ஊற்று.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் இத்தனை மெக்கானிக்குகள் இருக்க, இந்தப் பாடு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் கிடைக்காவிட்டால் அவர்களிடமே கொடுத்துவிடு. அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவன் எதைக் கேட்க வேண்டுமென்று அறிந்திருப்பான்: சீல் மாற்றினீர்களா, நட் புதியதா, ஆயில் ஊற்றினீர்களா என்று. அனுபவமுள்ள கைக்கு டார்க் ரெஞ்ச் எதற்கு என்பது இன்னொரு வாதம். பல கார்களில் அந்த நட்டின் இறுக்கம்தான் வீல் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. குறைந்தால் பேரிங் ஆடும். கூடினால் மரையோ பேரிங்கோ பழுதாகும். கையின் அனுபவம் எவ்வளவு மதிப்புள்ளதானாலும் இந்த அளவைச் சரியாகச் சொல்ல அதனால் இயலாது.

விலை கூடிய தண்டின் ஆயுள் இப்படி ஒரு பூட்டிலும் சீலிலும் நட்டிலும்தான் தங்கியிருக்கிறது. வேலை முடிந்ததும் பழைய மூட்டை உடனே காயலான் கடைக்குப் போடாதே. பிரித்து, அந்தக் கிரீஸை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார், மண் நறநறக்கும். அதை உணர்ந்த பிறகு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் சக்கரத்துக்குப் பின்னே குனிந்து பூட்டைப் பார்க்க யாரும் உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்