பழைய பின்பால் வாங்கப் போகிறாயா? முதலில் ஈரத்தைப் பார்!

என் தம்பிக்காக ஒரு பழைய பின்பால் மெஷின் பார்க்கப் போன அன்று, விளக்கெல்லாம் எரிந்தது, பந்து ஓடியது, ஃபிளிப்பர் இரண்டும் டக் டக்கென்று அடித்தன. அரை மணி நேரத்தில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டோம். மூன்றாவது வாரம் மெஷினுக்கு உயிர் வரவில்லை. தலைப்பெட்டியைத் திறந்தால், போர்டில் பேட்டரி இருந்த மூலை பச்சை பூத்துக் கிடந்தது. ஒரே நாளில் பூத்த பச்சை இல்லை அது. வாங்கும்போதே திறந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்குக் கற்றதைத்தான் உனக்கும் சொல்கிறேன். நம்ம ஜொகூரில் பழைய பின்பாலின் விலையில் பாதியை அதன் பெயர் சொல்லும். மீதியை, இத்தனை வருஷமாக அது எங்கே நின்றது என்பதுதான் சொல்லும்.

தேடுவதற்கு முடா, கரோசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மூன்றையும் தினமும் பார். 'பின்பால்' என்று மட்டும் தேடாதே. விற்பவருக்கே பெயர் தெரியாமல் 'கேம் மெஷின்', 'ஆர்கேட்' என்று போட்டிருப்பார், நல்ல விலை அங்கேதான் கிடைக்கும். ஜொகூர் பாரு பாசார் காராட் பக்கம் போனால், பழைய சாமான் விற்பவர்களிடம் சொல்லி வை. கடை காலி செய்கிற சேதி அவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும். மூவார், பத்து பஹாட், குளுவாங் மாதிரி ஊர்களில் அந்தக் காலத்தில் கேம் சென்டர் நடத்திய தவுக்கே யாரையாவது தெரிந்தால், மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானின் பச்சிங்கோ மெஷினைப் பின்பால் என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. அது சுவரோடு நிமிர்ந்து நிற்கும், சின்னச் சின்னக் குண்டுகள் கொட்டும். பின்பால் மேசை மாதிரி படுத்திருக்கும், எஃகுப் பந்தை நீ ஃபிளிப்பரால் அடித்து ஆடுவாய். ஃபிளிப்பரே இல்லாமல், ஜெயித்தால் காசு கொடுக்கிற பழைய பிங்கோ வகையும் உண்டு. அது சூதாட்ட மெஷின். 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டம் இருக்கிற நாட்டில் அதன் பக்கமே போகாதே.

பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. 'இன்னொருத்தர் கேட்கிறார், 500 வெள்ளி போட்டால் எடுத்து வைக்கிறேன்' என்று யார் சொன்னாலும், அவருடைய வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 997 மோசடி உதவி எண்ணுக்கு அழை.

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவருகிறவர்களும் உண்டு. அங்கேயும் நம்மைப் போலவே மூன்று முனை பிளக், கிட்டத்தட்ட அதே வோல்ட்டேஜ், அது வசதிதான். ஆனால் வரி எவ்வளவு, அனுமதி வேண்டுமா என்பதைச் சுங்க முகவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள். 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை, சிங்கப்பூருக்கும் அதுவே. அந்த இரண்டு நாளும் நெரிசல் இருக்கும், லோரியை எல்லைப் பாலத்தில் ஏற்றாதே.

அடுத்தது, எந்தக் காலத்து மெஷின் என்று தெரிந்துகொள். 1970களின் கடைசி வரை வந்தவை ரிலே, மோட்டார், சுழலும் எண் உருளை கொண்டவை. போர்டு கிடையாது, பொறுமையும் சுத்தமும் இருந்தால் வீட்டிலேயே பழுது பார்க்கலாம். அதற்குப் பிறகு வந்தவை எலக்ட்ரானிக் போர்டில் ஓடுபவை. 1990களின் பாலி, வில்லியம்ஸ் மெஷின்களுக்குத்தான் இன்றைக்கும் கிராக்கி. வில்லியம்ஸ் 1999இல் பின்பால் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அவற்றுக்கான பாகங்களை வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன, அதனால் பயம் இல்லை. 'இது அபூர்வமானது, அதனால்தான் இந்த விலை' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. 1992இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,000க்கும் மேல் விற்றது, 1990களின் மெஷின்களில் எண்ணிக்கையில் அதை மிஞ்ச ஆள் இல்லை, இருந்தும் விலை உச்சியில் நிற்கிறது. ஆட நன்றாக இருப்பதற்குத்தான் விலை. மெஷினின் பெயரை இணையப் பின்பால் தரவுத்தளத்தில் தேடினால் எந்த வருஷம், எத்தனை செய்தார்கள் என்று பெரும்பாலும் கிடைக்கும்.

மெஷின் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்றும் கேள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230 முதல் 240. பெரும்பாலான மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றி நம் மின்சாரத்துக்கு ஏற்றபடி வைக்கலாம், தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. அந்த மாற்றம் நடந்ததா என்று தெரியாமல் பிளக்கைச் சொருகாதே. பிரிட்டனுக்காகச் செய்த மெஷின் என்றால் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு முனை பிளக்கோடு, எர்த் கம்பி இல்லாமல் ஒரு மெஷின் நின்றால், அதைச் சரிசெய்யும் வரை பிள்ளைகளைத் தொடவிடாதே.

இப்போது திறந்து பார்க்கிற வேலை. இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது. 'சாவி தொலைந்துவிட்டது' என்று சொல்கிறவரிடம், பூட்டுக்காரரை வைத்துத் திறந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. காசுக் கதவைத் திறந்து, முன்பட்டையைக் கழற்றி, கண்ணாடியை மெதுவாக உருவி வை. பந்தை எடுத்துவிட்டு ஆட்டப்பலகையை மேலே தூக்கு. டார்ச் அடித்து அடிப்பலகையைப் பார். நிறைய மாடல்களில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருப்பது இந்தப் பலகையில்தான். கோத்தா திங்கி, சிகாமட் மக்கள் 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தை மறக்க மாட்டார்கள், 2023 மார்ச்சில் பத்து பஹாட்டும் நீரில் நின்றது. வெள்ளம் ஒரு சாண் ஏறினாலே கால்கள் நனையும், முழங்காலைத் தாண்டினால் அடிப்பலகை. பலகையின் உள்பக்கம் நேர்கோடாகக் கறை தெரிகிறதா, கால் போல்ட் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறதா, மூலையில் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிகிறதா, கரையான் மண் இருக்கிறதா என்று பார். மூக்கையும் வை. பூஞ்சை வாடை பொய் சொல்லாது.

அப்புறம் தலைப்பெட்டி. 1970களின் கடைசியிலிருந்து வந்த பல பாலி போர்டுகளில் ரீசார்ஜ் பேட்டரியை நேராகப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். 1990களின் வில்லியம்ஸ், பாலி மெஷின்களில் மூன்று சாதாரண டபுள் ஏ பேட்டரி இருக்கும். இரண்டுமே கசியும். கசிந்த திரவம் போர்டின் செப்புக் கோடுகளைத் தின்னும், நம் ஊர்க் காற்றில் அது இன்னும் வேகமாகப் பரவும். பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் அந்தப் போர்டு பழுது பார்க்க வேண்டியது என்று கணக்கில் எழுது. ஒயர் சொருகும் இடம் பழுப்பாகக் கருகியிருக்கிறதா என்று பார். ஃபியூஸ் ஒவ்வொன்றும் பக்கத்தில் அச்சடித்த அளவில் இருக்கிறதா என்றும் பார். பெரிய ஃபியூஸ் போட்டிருந்தாலோ வெள்ளித்தாள் சுற்றியிருந்தாலோ, உள்ளே ஏதோ பழுதால் ஃபியூஸ் ஓயாமல் எரிந்திருக்கிறது, அதை மறைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பழைய மெஷின்களின் முகப்புக் கண்ணாடியில் படத்தைப் பின்பக்கத்தில் பெயிண்டாக அச்சடித்திருப்பார்கள். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஃபிளிப்பர் ரப்பர், பல்ப், பந்து எல்லாம் சில்லறைச் செலவு. முகப்புக் கண்ணாடியும், குழிகளைச் சுற்றி மரம் தெரியத் தேய்ந்த ஆட்டப்பலகையும் பெரிய செலவு. சில்லறைக் குறைக்காக நல்ல மெஷினை விடாதே, பளபளப்பான ரப்பருக்காகத் தேய்ந்த பலகையை வாங்காதே.

பிறகு ஆன் செய்து குறைந்தது 20 நிமிஷம் ஓடவிடு. எலக்ட்ரானிக் மெஷின்களில் காசுக் கதவுக்குள் இருக்கும் பட்டன்களை அழுத்திச் சோதனைக்குப் போகலாம். விளக்கு, சுவிட்ச், காயில் ஒவ்வொன்றாகப் பார்த்து வேலை செய்யாததைக் குறித்துக்கொள். கருகல் வாடை வந்தாலோ, ஏதாவது ஒரு காயில் விடாமல் இரைந்தாலோ உடனே அணைத்துவிடு.

விலை பேசுவது இந்தக் குறிப்புத் தாளை வைத்துத்தான். அதே மாடல் மற்ற இடங்களில் என்ன விலைக்கு உண்மையில் விற்றுப் போனது என்று பார். கேட்கிற விலையைப் பார்க்காதே. அதிலிருந்து ஒவ்வொரு பழுதுக்கும் பாகத்தின் விலை, தபால் செலவு, ரிப்பேர்க்காரர் கூலி மூன்றையும் கழி. லோரிச் செலவையும் கழி. வருவதுதான் உன் விலை. தாளை அவரிடமே காட்டு. 'அண்ணே, இந்தப் போர்டு போயிருக்கு, இது இவ்வளவு ஆகும்' என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். குறையே இல்லாததைக் குறை சொல்லி விலையை அடிக்காதே. நல்லபடி காய்ந்த வீட்டில், உறை போட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டவருக்கு ஐந்நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

தூக்கும்போது மூன்று பேர் வேண்டும், பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். பந்தை எடுத்துவிடு, தலைப்பெட்டி மடங்கினால் மடக்கிக் கட்டு, இல்லையென்றால் கழற்று, கால்களைக் கழற்று. உன் வீட்டு லிஃப்ட் வாசலை முதலிலேயே அளந்து வை. பழைய காசுத் துளையில் இப்போதைய 50 சென் ஒத்துப்போகாமல் போகலாம், 2012இல் வந்தது முன்பைவிடச் சிறியது. வீட்டில் ஆட எலக்ட்ரானிக் மெஷினை இலவச ஆட்டத்துக்கு மாற்றிவிட்டால் போதும். கடையில் வைத்துக் காசு வாங்கப் போகிறாய் என்றால், மாநகர் மன்றத்தில் உரிமம் வாங்கிய பிறகு வை.

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பேனா எடுத்துக்கொள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார், மெஷின் நிற்கிற தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விலை கேள்.