பென்ஷன் இல்லாத வேலையா? ஓய்வுக்காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தனியார் கம்பெனியில் ரிட்டையர் ஆகிறவருக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி என்று பெருந்தொகை வங்கிக் கணக்கில் வந்து விழும். அடுத்த மாதம் முதல் தேதி சம்பளம் வராது. அந்த மொத்தப் பணத்தை மாதப் பணமாக மாற்றுவதுதான் இனி உங்கள் வேலை.

முதலில் செலவுக் கணக்கு

மூன்று மாதம் நோட்டு போட்டு எழுதுங்கள். மளிகை, பால், கரண்ட் பில் யாருக்கும் மறக்காது. மொய், தீபாவளிச் சீர், பேரனுக்குக் காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, இவைதான் விட்டுப்போகும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 30,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டில் 60,000 ஆகிவிடும்.

பி.எஃப். பென்ஷன் எவ்வளவு வரும்?

பத்தாண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். நீங்கள் லட்சம் வாங்கியிருந்தாலும், பெரும்பாலோருக்குக் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய்தான். 35 ஆண்டு உழைத்தவருக்கு 7,500 ரூபாய். மருந்துக் கடைக்கு ஆகும். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஓராண்டு முன்பே பாருங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாக என்றிருப்பது நம் ஊரில் சகஜம்.

பணத்தைப் பிரிப்பது

ஆறு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அடுத்து தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயதானவர்கள் சேரலாம். 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த விகிதத்தில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். சேரும் நாளின் வட்டியே ஐந்தாண்டுக்கும்.

வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு, பிரித்துப் போடுங்கள். பத்தாண்டுக்குத் தொட வேண்டாத பணம் இருந்தால் மட்டும் மியூச்சுவல் ஃபண்ட். மாதம் பத்து வட்டி தருகிறேன் என்று வருகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு

கம்பெனி பாலிசி வேலையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குப் புதிய பாலிசியில் மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டிவரலாம். அதனால் 55 வயதிலேயே சொந்தமாக ஒன்று எடுப்பது நல்லது.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

“இப்பவே என் பேருக்கு எழுதிட்டா, பின்னாடி அலைச்சல் இல்லப்பா” என்று பிள்ளை கேட்பான். அதில் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அவசரப்படாதீர்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானால் உரிமை பொதுவாக அன்றே கைமாறிவிடும். உயிலை, நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம்.

எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சொன்னபடி பார்த்துக்கொள்ளாவிட்டால், பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். பத்திர நகலைக் கையில் வைத்திருங்கள்.